மாதாவின் தலைக்குமேல் ஒரு முள்

சீரிஸில் முழந்தாளிட விரும்புகிறவர் முதலில் தம்மைத் தரையோடு கட்டிக்கொள்ள வேண்டும். பூமியில் எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அந்தக் குறுங்கோளில் இரண்டே கிலோ. பக்தி மிகுந்து சற்று வேகமாகத் தலை வணங்கினால்கூடக் கால்கள் மேலே எழும்பி முன்வரிசைக்காரரின் பிடரியில் மோதும். ஆகவே பனிமய மாதா கோயிலின் தரையெங்கும் எஃகு வளையங்கள் பதிக்கப்பட்டிருந்தன. உள்ளே வருகிறவர்கள் இடுப்புக் கச்சையின் கொக்கியை வளையத்தில் மாட்டிக்கொள்வார்கள். அறுபது கொக்கிகள் அடுத்தடுத்து ஒலித்தால் ஞாயிறு திருப்பலி தொடங்கிவிட்டது என்று பொருள். இப்போது எண்பது நாட்களாக நானூறு கொக்கிகள் ஒலித்துக்கொண்டிருந்தன.

அருட்தந்தை இன்னாசி மச்சாது தம் கொக்கியை மாட்டவில்லை. அவர் செபிக்க வரவில்லை, அளக்க வந்திருந்தார்.

அவருக்கு எதிரே, குகைக் கோயிலின் பின்சுவரில், உப்பும் பனியும் கலந்த அந்தச் சுவரிலேயே குடைந்து செதுக்கப்பட்ட மாதா நின்றிருந்தாள். அவளது இடக்கண்ணின் ஓரத்தில் ஒரு துளி அரும்பியது. எடை குறைந்த உலகத்தில் துளிகள் அவசரப்படுவதில்லை. அது மிளகாகி, சுண்டைக்காயாகி, நாவற்பழமளவுக்குப் பெருத்து, கன்னத்தை விட்டுப் பிரிந்து, மூன்றரை விநாடிகள் மிதப்பதுபோல் இறங்கித் தரையைத் தொட்டது. நானூறு தொண்டைகளிலிருந்து ஒரே மூச்சு எழுந்தது. நானூறு மணிக்கட்டுகளில் படம்பிடிக்கும் பதிவுக்கண்கள் மினுங்கின.

"புதுமை!" என்றாள் முன்வரிசையிலிருந்த அமலோற்பவம். பாடற்குழுவை நடத்துகிறவள் அவள். அற்புதத்துக்கு அவர்கள் வழங்கும் சொல் அது. அவள் சொன்னதும் கூட்டம் அதை வாங்கிச் சொன்னது.

இன்னாசி துளியைக் குழலில் உறிஞ்சினார். அவருடைய தோளருகே தேங்காயளவுள்ள சான்றுப்பொறி சிறு விசிறியின் உதவியால் மிதந்துகொண்டிருந்தது. வெஸ்டா என்ற மற்றொரு குறுங்கோளில் இருக்கும் புதுமை ஆய்வு மன்றம் ஒவ்வோர் ஆய்வாளருக்கும் அத்தகைய பொறி ஒன்றைத் தந்திருந்தது. ஆய்வாளர் எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்ப்பக்கம் வாதிடுவது அதன் கடமை. இன்னாசி இருபத்திரண்டு ஆண்டுகளில் முப்பத்தொரு புதுமைகளை ஆராய்ந்து, முப்பத்தொன்றையும் தள்ளுபடி செய்தவர். அதனால் உலோகமும் விசிறியுமான அந்தப் பொறி இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடவுளின் பக்கமே பேசிவந்தது.

"ஏன் கண்ணில் மட்டும்?" என்று அது இப்போதும் கேட்டது. "மூக்கில் வடிந்திருக்கலாம். முழங்கையில் வடிந்திருக்கலாம்."

"செதுக்கியவன் கண்ணைத்தான் ஆழமாத் தோண்டியிருக்கான். சுவர் அங்கதான் மெலிசு."

"பதில் போதுமானது. வருந்துகிறேன்" என்றது பொறி.

சுவருக்குப் பின்னால் குடியிருப்பின் உப்புநீர்த் தேக்கம் இருந்தது. தூரத்துக் குழாய்களுக்குப் போய்ச் சேர அந்த நீரை உயர் அழுத்தத்தில் வைத்திருந்தார்கள். அழுத்தத்தைக் காட்டும் வட்டமானியொன்று மாதாவின் தலைக்குச் சற்று மேலே பதிக்கப்பட்டிருந்தது. மின்சாரம் போனாலும் வேலை செய்யட்டும் என்று பழைய முறையில் செய்த முள்மானி அது. முள் நான்கில் நின்றது. கோயிலில் எடுக்கப்பட்ட எல்லாப் படங்களிலும் அந்த வட்டம் விழுந்திருந்தது. பூமிக்குப் படம் அனுப்புகிறவர்கள் அழகு கருதி அதை வெட்டிவிட்டு அனுப்பினார்கள்.

தேக்கத்துப் பொறியாளர் செல்மா ராயன் அவரைக் கோயிலுக்கு வெளியே, சுரங்கவழியில் நிறுத்தினாள். கையிலிருந்த வெப்பப்படத்தில் பின்சுவர் பழுத்த மிளகாய்போலச் சிவந்திருந்தது.

"சாமி, இந்தக் கோயிலு அறுபது பேருக்குக் கட்டுனது. வாரத்துல ஒரு மணி நேரம். இப்ப எம்பது நாளா நானூறு பேரு உள்ளேயே கெடக்காவ. ஆளுக்கு நூறு வாட்டுச் சூடு. கணக்குப் போட்டுக்கிடுங்க."

இன்னாசி போட்டார். நாற்பதாயிரம் வாட். அவர்களுடைய மூச்சும் உடலும் சேர்ந்து எரிகிற ஓர் அடுப்பு.

"அப்போ அழவைக்கிறது இவங்களேதானா?"

"முதல்ல ஒரு சின்ன விரிசல். நாலு நாள் விட்டிருந்தா அதுவே உறைஞ்சு அடைச்சிருக்கும். சொட்டுறதப் பாத்துக் கூட்டம் வந்துச்சு. கூட்டம் வரவும் சுவரு இளகுச்சு. இளகவும் நல்லாச் சொட்டுச்சு. நல்லாச் சொட்டவும் இன்னும் கூட்டம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னும் அஞ்சு மணி நேரம் தாங்கும் சாமி. ஆறு தாங்குச்சுன்னா அதுதான் புதுமை."

"தேக்கத்த வடிச்சா?"

"மூணு நாளாவும்."

"அபாயச் சங்கு ஒண்ணு இருக்கணுமே? சுவர் சூடானா ஊதாதா?"

செல்மா சுரங்கவழியின் மறுமுனையைக் காட்டினாள். ஊர்த்தலைவர் தொம்மை ரொட்ரிகோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வந்துகொண்டிருந்தார். நாற்பது ஆண்டு உப்புச் சுரங்கத்தில் உழைத்த கைகள், எதற்கும் பதறாத முகம்.

"அந்தச் சங்கா?" என்றார் தொம்மை. "செபமாலை நேரத்துல ஓயாமக் கத்திக்கிட்டுக் கெடந்துச்சு சாமி. புடிக்கிற படத்துல பூரா அந்தச் சத்தந்தான். கழட்டி வச்சாச்சு."

"எப்போ?"

"மூணு வாரம் இருக்கும்."

"ஏன் கத்துதுன்னு கேக்கலையா?"

"கேக்காம? செல்மா வந்து சொன்னாள்லா, சுவரு இளகுது, கூட்டம் கூடாதுன்னு. நாங்க என்ன சொன்னோம்? விசாரணைச் சாமி வரட்டும், அவுக வாயால கேப்போம்னோம். அதான் வந்துட்டியள." தொம்மையின் முகம் மலர்ந்தது. "தீர்ப்ப எப்ப சொல்லுதிய? எல்லாரும் கொக்கிய மாட்டிக்கிட்டுத் தயாரா இருக்காவ."

"இப்பவே சொல்றேன்" என்றார் இன்னாசி.

அவருக்கு அப்போது தெரியாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த மக்களின் முப்பாட்டன்மார் தூத்துக்குடிக் கரையிலிருந்து சீரிஸுக்கு வந்த முதற்கப்பலில், ஆயிரக்கணக்கான படங்களும் பாட்டுகளும் அடங்கிய பொழுதுபோக்குக் களஞ்சியம் ஒன்றும் வந்தது. வழியில் வீசிய கதிர்ப்புயலில் அத்தனையும் அழிந்து, ஒன்றே ஒன்று முழுதாகத் தப்பியது. ‘சாம்பல் மணி’ என்ற போலிஷ் மொழித் தொலைக்காட்சித் தொடர், ஏழு பருவங்கள், அடியில் தமிழ் எழுத்துரை. ஊர் ஊராகச் சென்று புதுமைகளைத் துப்பறியும் இரண்டு குருக்களின் கதை அது. நான்கு தலைமுறைகளாக வாரந்தோறும் அதைத்தான் கோயிலில் திரையிட்டு வந்தார்கள். போலிஷ் யாருக்கும் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் இசை எழும், எந்த இடத்தில் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்பது குழந்தைகளுக்கும் தெரியும்.

ஒவ்வொரு கதையும் ஐம்பது நிமிடம். நாற்பத்தெட்டு நிமிடங்களுக்கு எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துக்கொண்டே போகும்: ஓட்டைக் குழாய், பாசி, ஏமாற்றுக்காரச் சகோதரன். மூத்த குரு கோப்பை மூடுவார். இளையவரான மாறேக் சாமி கோயில் வாசல்வரை போவார். அங்கே நின்று, "செக்காய்" என்பார். பொறு என்று அதற்கு எழுத்துரை வரும். பிறகு திரும்பி, கோயிலுக்குள் எதையோ பார்ப்பார். அவர் எதைப் பார்த்தார் என்பதைத் தொடர் ஒருபோதும் காட்டியதில்லை. அவர் முகம் மட்டுமே தெரியும். உடனே கோயிலிலிருக்கும் அத்தனை பேரும் பேசாமல் எழுந்து அவர் பின்னே வெளியேறுவார்கள், திரை இருளும். சீரிஸ் மக்களும் அந்த இடத்தில் கொக்கிகளைக் கழற்றிக்கொண்டு ஒரு சொல் பேசாமல் கலைவார்கள். அது சட்டமன்று, யாரும் கற்பித்ததுமன்று. வேறு விதமாகக் கதை முடியலாம் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

இன்னாசி பீடத்தின் முன் நின்று பேசினார். விரிசலைச் சொன்னார். உடற்சூட்டைச் சொன்னார். செதுக்கிய கண்ணின் ஆழத்தை அளவோடு சொன்னார். முப்பத்தொரு விசாரணைகளில் இவ்வளவு தெளிவான முடிவை அவர் எழுதியதில்லை. கூட்டம் அவர் பேச்சை மிகுந்த ஆர்வத்தோடு கேட்டது. சிலர் புன்னகைத்தார்கள். தலையசைத்தார்கள். யாரும் எழவில்லை.

"ஆகையால, எல்லாரும் உடனே வடக்குக் குகைக்குப் போயிரணும்" என்று முடித்தார்.

அமலோற்பவம் பக்கத்திலிருந்தவளின் காதருகே சாய்ந்தாள். எனினும் அவள் குரல் கோயில் முழுதும் கேட்டது. "நல்லாச் சொல்லுதாவ. இது நடுப்பகுதி. இன்னும் கடைசி இருக்குல்லா."

செல்மா பொறுமையிழந்தாள். பீடத்தின் மேல் ஒரே தாவலில் ஏறி, வெப்பப்படத்தைத் தூக்கிப் பிடித்தாள். "சுவரு உடையப் போவுதுய்யா! எந்திரிங்க! யம்மா, உங்களத்தான், எந்திரிங்க!"

பின்வரிசையில் ஒருவன் சொன்னான்: "நாலாம் பருவத்துலயும் ஒரு இஞ்சினியர் பொம்பள இப்படித்தான் கத்துவா."

"கடைசியில அவளே முழந்தாளிடுவா" என்றான் இன்னொருவன். சிரிப்பு அலைபோல் பரவியது. அதில் பகையே இல்லை. அவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள். அதுதான் இன்னாசிக்கு அச்சத்தைத் தந்தது.

இரண்டு மணி நேரம் கெஞ்சினார்கள். விளக்குகளை அணைத்துப் பார்த்தார்கள். மக்கள் பாட ஆரம்பித்தார்கள். கொக்கிகளைக் கழற்றிவிட முயன்ற செல்மாவை நான்கு பேர் மரியாதையாகத் தூக்கி வாசலில் விட்டார்கள். துளிகள் இப்போது நிமிடத்துக்கு ஒன்றாக விழுந்தன. வலக்கண்ணும் கசிய ஆரம்பித்தது. அதைக் கேள்விப்பட்டு, வேலைக்குப் போயிருந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

"நானூற்றுப் பன்னிரண்டு பேர்" என்றது சான்றுப்பொறி. "சுவருக்குள் ஒலி கேட்கிறது. செல்மாவின் ஐந்து மணி நேரம் தாராளமான மதிப்பீடு. என் கணக்கில் நாற்பது நிமிடம்."

இன்னாசி சுரங்கவழிக்கு வந்தார். செல்மா அங்கே சுவரில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள். அவள் அவரிடம் ‘சாம்பல் மணி’யைப் பற்றிச் சொன்னாள். மாறேக் சாமியைப் பற்றி, வாசலைப் பற்றி, அந்த ஒரு சொல்லைப் பற்றி.

"ஒரே ஒரு தடவ திரும்பிப் பாருங்க சாமி. அது போதும். எந்திரிச்சு வந்துருவாவ."

"என்னத்தப் பாத்ததா நெனப்பாங்க?"

"அது அவுகபாடு."

இன்னாசி ஆய்வாளராகப் பொறுப்பேற்ற நாளில் ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தார்: விளங்காததை விளங்காதது என்பேன், விளங்கியதை விளங்காததுபோல் காட்டமாட்டேன். அந்த வாக்கின் இரண்டாம் பாதிதான் அவருடைய வாழ்க்கை. அதற்காக மூன்று ஊர்களில் கல்லெறி வாங்கியிருக்கிறார். சொந்தத் தாய், சாகும் தறுவாயில் ஒரு மெழுகுவர்த்தியின் சுடர் தானாக ஆடியதைக் காட்டி, புதுமையா என்று கேட்டபோதும், அது வெறும் காற்று என்று சொன்னவர் அவர்.

"பொய்தானே செல்மா அது?"

"நீங்க வாயத் தொறந்து ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். பொறுன்னு சொல்லுதது பொய்யா? திரும்புதது பொய்யா?"

"அதவிட மோசம்."

"உள்ள எங்க அண்ணன் புள்ளைங்க ரெண்டும் இருக்கு சாமி."

"முப்பத்தொரு நிமிடம்" என்றது பொறி. அது எந்தப் பக்கமும் வாதிடாமல் வெறும் எண்ணைச் சொன்னது அதுவே முதல்முறை.

இன்னாசி கோயிலுக்குள் போனார். பீடத்தின் முன் தம் குறிப்பேட்டை மூடினார். அந்த மெல்லிய ஒலிக்கே கோயில் அடங்கியது. பாடல் நின்றது. பதிவுக்கண்கள் அனைத்தும் அவர் பக்கம் திரும்பின. நடுவழியில் காலணியின் காந்தம் ஒவ்வோர் அடிக்கும் ஒலிக்க, அவர் வாசலை நோக்கி நடந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒவ்வோர் அடியாகப் பின்னால் விடுபடுவதுபோல் இருந்தது. நிலைப்படியில் நின்றார். வெளியே செல்மாவின் முகம் தெரிந்தது.

"செக்காய்" என்றார்.

யாரும் மூச்சுவிடவில்லை.

மாதாவின் முகத்தைப் பார்ப்பது, மூன்று வரை எண்ணுவது, பிறகு போய்விடுவது: அவர் போட்டிருந்த திட்டம் அவ்வளவே. திரும்பினார். கண்கள் முகத்தில் நிற்கவில்லை. அதற்குச் சற்று மேலே ஏதோ அசைந்தது. முள். அவர் வந்தது முதல் நான்கைவிட்டு நகராத முள், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றரைக்குச் சரிந்தது. தேக்கத்து நீர் வழி கண்டுபிடித்துவிட்டது. பொறியின் முப்பத்தொரு நிமிடமும் பொய்.

நடிக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. அவர் முகம் வெளிறிப்போனதை நானூற்றுப் பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள்.

ஒரு கொக்கி கழன்றது. பிறகு பத்து. பிறகு மழைபோல. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, முண்டியடிக்கவில்லை. நான்கு தலைமுறைப் பழக்கத்தின் ஒழுங்கோடு, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையாக வெளியேறினார்கள். எந்த அபாயப் பயிற்சியிலும் அப்படியொரு வெளியேற்றத்தைச் செல்மா கண்டதில்லை. ஆறு நிமிடத்தில் கோயில் காலியாயிற்று. கடைசியாக வந்த அமலோற்பவத்தைத் தொம்மை இழுத்துக்கொண்டு கடந்ததும், செல்மா எஃகுக் கதவை மூடித் திருகினாள். மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. கதவின் சிறு சன்னலில் நீரும் பனியுமான வெண்மை ஒன்று வந்து மோதியது. குகை முழுவதும் ஒரு முறை அதிர்ந்து நின்றது.

ஒருவரும் சாகவில்லை.

வடக்குக் குகையில், போர்வைகளுக்கும் சூடான கஞ்சிக்கும் நடுவே, இன்னாசி மக்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நடுவுல கொஞ்சம் இழுவ."

"ஆமா, அந்தக் கணக்கெல்லாம் கொறச்சிருக்கலாம். ஆனா முடிவு!"

"சுவரு உடையும்னு எனக்கு அப்பவே தெரியும்."

தொம்மை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன. "அந்த மொகம் சாமி! மாறேக் சாமிக்குக்கூட அப்படி வராது."

"நான் அழுத்தமானியைப் பாத்தேன் தொம்மை. முள் எறங்குச்சு."

தொம்மை நெடுநேரம் சிரித்தார். பிறகு விரலை உதட்டில் வைத்து, ரகசியம் காப்பேன் என்பதுபோல் தலையசைத்தார்.

பதிவுகள் பூமிக்குப் போயின. யாரோ எழுத்துரை சேர்த்தார்கள். இருநூறு கோடிப் பேர் பார்த்தார்கள் என்றொரு கணக்கு வந்தது. விளக்கமெல்லாம் அடங்கிய முதல் பகுதியைப் பெரும்பாலோர் ஓட்டிவிட்டு, கடைசி இரண்டு நிமிடங்களை மட்டும் பார்த்திருந்தார்கள். அமலோற்பவத்தின் பதிவு பக்கவாட்டிலிருந்து எடுத்தது. அதில் இன்னாசியின் முகத்தோடு, இடது மூலையில், சரிந்துகொண்டிருக்கும் முள்ளும் தெளிவாகவே தெரிந்தது. அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

மன்றத்திலிருந்து கடிதம் வந்தது: கோயிலை விட்டுப் போகும்போது தாங்கள் கண்டது என்ன? இன்னாசி முப்பது பக்கம் பதில் எழுதினார், அட்டவணைகளோடு. மறுகடிதம் வந்தது: தங்கள் விரிவான அறிக்கைக்கு நன்றி, கண்டது என்ன? மூன்றாவதாக வந்தது கடிதமன்று, ஒரு கோப்பு எண். முப்பத்திரண்டாவது விசாரணை. பொருள்: வாசலில் திரும்பிய குருவானவர்.

"ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது" என்றது சான்றுப்பொறி. "நீங்கள் திரும்பாமல் இருந்திருந்தால் முள்ளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் முகம் அப்படி மாறியிருக்காது. அவர்கள் ஆறு நிமிடத்தில் வெளியேறியிருக்கவும் மாட்டார்கள். சரியாக அந்த விநாடியில் திரும்பியதற்குக் காரணம்?"

இன்னாசி அறிக்கைத் தாளை எடுத்தார். காரணம் என்ற கட்டத்தில், ‘தொலைக்காட்சித் தொடர்’ என்று எழுதினார்.

"இதை நான் எதிர்க்க வேண்டும்" என்றது பொறி. "ஆனால் எந்தப் பக்கமிருந்து என்று தெரியவில்லை."

நான்கு மாதங்களில் வடக்குக் குகையில் புதிய கோயில் எழுந்தது. வேறு பனிச்சுவர், அதற்குப் பின்னால் வேறு தேக்கம், சுவரில் புதிதாகச் செதுக்கிய மாதா. சங்கும் அழுத்தமானியும் இல்லாமல் திறக்கவிட மாட்டேன் என்று செல்மா பிடிவாதமாக நின்று, இரண்டையும் மாட்டவைத்தாள். பூமியிலிருந்து முதல் யாத்திரைக் கப்பல் வந்திறங்கியிருந்தது. திறப்பு விழாவுக்கு எழுநூறு கொக்கிகள் ஒலித்தன.

கோயிலை மந்திரித்து ஆசி அளிக்க வந்த இன்னாசி பீடத்தருகே நின்று நிமிர்ந்து பார்த்தார். மாதாவின் தலைக்குமேல் அழுத்தமானி இல்லை. அங்கே முத்துச்சரிகை வைத்த நீலப் பட்டுத்துணி ஒன்று தொங்கியது.

"இது என்ன தொம்மை?"

"மறைச்சிருக்கு சாமி. படத்துல விழுதுல்லா."

"சங்கு?"

"அதுக்கும் ஒண்ணு தைக்கச் சொல்லியிருக்கு. பஞ்சு வச்சு."

இன்னாசி பீடத்தின் மேல் தாவி, பட்டைப் பற்றி ஒதுக்கினார். பின்னால் எழுநூறு பேரின் சலசலப்பும் சட்டென்று நின்றது. எங்கோ ஒரு குழந்தை, மெதுவாக, மிகச் சரியான உச்சரிப்பில், "செக்காய்" என்றது. பதிவுக்கண்கள் ஒரே சமயத்தில் உயர்ந்தன.

முள் நான்கிலிருந்து ஒரு மயிரிழை இறங்கியிருந்தது.

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். நீட்டிய விரல் முள்ளைக் காட்டியது. "இங்க பாருங்க. என்னைப் பாக்காதீங்க. தயவுசெஞ்சு இந்த முள்ளப் பாருங்க."

எழுநூறு பேரும் வைத்த கண் வாங்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாமி" என்று தொம்மை கீழிருந்து பணிவோடு சொன்னார், "கொஞ்சம் இந்தப் பக்கமாத் தள்ளி நில்லுங்க. மொகத்துல வெளிச்சம் விழல."